ஹைதியும் காலராவும்: காப்பாற்ற வந்த படையிடம் யார் கணக்குக் கேட்பது?

கரீபியத் தீவு நாடான ஹைதிக்கு மீண்டும் ஒரு வெளிநாட்டுப் படை போகிறது. சுமார் 5,500 பேர் கொண்ட 'கும்பல் ஒடுக்குப் படை'க்கு ஐ.நா. பாதுகாப்பு அவை 2025 செப்டம்பர் 30 அன்று அனுமதி அளித்தது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்களின் பிடியில் இருக்கிறது. லட்சக்கணக்கானோர் வீட்டை விட்டு ஓடி, பள்ளிக்கூடங்களிலும் திறந்தவெளிகளிலும் ஒண்டியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட நாட்டில் படை வருகிறது என்றதும் நிம்மதிதானே பிறக்க வேண்டும்? ஆனால் ஹைதி மக்களின் பேச்சில் நம்பிக்கையோடு தயக்கமும் பழைய கோபமும் சேர்ந்தே வருகின்றன. 2004 முதல் 2017 வரை அங்கே இருந்த ஐ.நா. படை என்ன செய்தது, செய்ததற்கு என்ன பதில் சொன்னது என்று தெரிந்தால்தான் அந்தத் தயக்கம் விளங்கும்.

அந்தப் படையின் முகாமிலிருந்து காலரா பரவிய கதை அது. அதில் வெளியுறவு, பொதுச் சுகாதாரம், வறுமை மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படை எந்தச் சட்டத்தின் பேரில் வருகிறது?

ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் ஐ.நா. தலையிடக் கூடாது என்று ஐ.நா. சாசனத்தின் 2ஆம் விதி, 7ஆம் பிரிவு சொல்கிறது. அதே பிரிவு ஒரு விலக்கையும் வைத்திருக்கிறது: சர்வதேச அமைதிக்கு ஆபத்து என்று பாதுகாப்பு அவை கருதி, சாசனத்தின் 7ஆம் அத்தியாயத்தின் கீழ் நடவடிக்கை எடுத்தால் இந்தத் தடை நிற்காது.

2004 பிப்ரவரியில் உள்நாட்டுக் கலகத்துக்கு நடுவே அதிபர் அரிஸ்டீட் நாட்டை விட்டு வெளியேறினார். ஏப்ரலில் பாதுகாப்பு அவை 1542ஆம் தீர்மானத்தின் மூலம் மினுஸ்தா என்ற படையை அமைத்தது. இரு நாடுகளுக்கு இடையே போர் இல்லை, கையெழுத்தான சமாதான உடன்படிக்கையும் இல்லை. ஆனாலும் அமைதி காக்க ஆயிரக்கணக்கான வீரர்கள் வந்து இறங்கினார்கள். ஐ.நா.வுக்கு என்று சொந்தப் படை கிடையாது. உறுப்பு நாடுகள் தம் வீரர்களை அனுப்பும், ஐ.நா. அதற்குப் பணம் கொடுக்கும். மினுஸ்தாவின் ராணுவப் பிரிவுக்குத் தலைமை ஏற்றது பிரேசில். நேபாளம், இலங்கை, உருகுவே எனப் பல நாட்டு வீரர்கள் அதில் இருந்தனர். வீரர்கள் ஒரு நாட்டவர், ஆணை ஐ.நா.வுடையது, மண் வேறொருவருடையது. இந்த மூன்றுபட்ட அமைப்புதான் பின்னால் வந்த எல்லாச் சிக்கலுக்கும் விதை.

காலரா எப்படி வேலை செய்கிறது?

காலராவை நம் பாட்டிமார் வாந்திபேதி என்றார்கள். ஊரையே துடைத்துவிட்டுப் போன நோய் என்ற நினைவு நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. இந்தக் கதைக்குத் தேவையான உண்மைகள் நான்கு:

1. நோய்க்குக் காரணம் விப்ரியோ காலரே என்ற பாக்டீரியா. நோயாளியின் மலம் கலந்த தண்ணீரைக் குடிப்பதாலும், அந்தத் தண்ணீர் பட்ட உணவாலும் அது பரவுகிறது. 

2. கிருமி உள்ளே போன சில மணி நேரத்திலிருந்து 5 நாட்களுக்குள் நோய் வெளிப்படும். கஞ்சித் தண்ணீர் போல் பேதியாகி, உடம்பின் நீரும் உப்பும் வற்றி, சிகிச்சை கிடைக்காவிட்டால் ஒரே நாளில்கூட ஆள் சாகலாம்.

3. கிருமி தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. ஆனாலும் சில நாட்களுக்கு அவர்கள் மலத்தில் கிருமி வெளியேறிக்கொண்டே இருக்கும். நன்றாக நடமாடுகிற, மருத்துவப் பரிசோதனையில் தேறிய ஒருவர் கிருமியைக் கடல் கடந்து கொண்டுபோக முடியும்.

4. சிகிச்சை எளிது. உப்புச் சர்க்கரைக் கரைசலும், முற்றியவர்களுக்கு நரம்பு வழியே திரவமும் உரிய நேரத்தில் கிடைத்தால் 100 பேரில் ஒருவர்கூடச் சாக மாட்டார். 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்திருந்த பன்காவ் முகாமில் மருத்துவர் திலீப் மஹலானபிஸ் பாத்திரத்தில் கரைத்த உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்தே சாவைப் பெருமளவு குறைத்துக் காட்டினார்.

ஆக, காலராவில் கொத்துக் கொத்தாக மக்கள் சாகிறார்கள் என்றால் அங்கே நல்ல தண்ணீர், கழிவு அகற்றும் ஏற்பாடு, பக்கத்தில் ஒரு மருத்துவமனை ஆகியவற்றில் ஏதோ ஒன்றோ எல்லாமோ இல்லை என்று பொருள்.

மிர்பலே, 2010 அக்டோபர்

2010 ஜனவரி 12 அன்று ஹைதியை 7.0 அளவிலான நிலநடுக்கம் தாக்கியது. தலைநகரம் இடிபாடாயிற்று, மாண்டவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கே இன்றுவரை சர்ச்சைதான். பாதிப்புக்குப் பின் ஐ.நா. படையின் எண்ணிக்கை கூட்டப்பட்டது.

ஹைதியில் குறைந்தது நூறாண்டுகளாகக் காலரா பதிவானதே இல்லை. நிலநடுக்கத்துக்குப் பின்னும் வரவில்லை. நெரிசலான கூடார முகாம்களில் கொள்ளைநோய் வரலாம் என்று பயந்தவர்கள் பலர். ஆனால் நோய் தலைதூக்கியது முகாம்கள் நிறைந்த தலைநகரில் அல்ல, உள்நாட்டில் மிர்பலே என்ற சிற்றூரின் அருகில். அங்கே ஒரு ஓடைக்கரையில் நேபாள வீரர்களின் முகாம் இருந்தது. அந்த ஓடை ஹைதியின் மிகப் பெரிய ஆறான ஆர்ட்டிபோனிட்டில் கலக்கிறது. ஆற்றுப் படுகை நெல் விளையும் பூமி. வயலுக்கு இறங்குகிறவர்கள் குடிப்பதும் குளிப்பதும் துவைப்பதும் அதே தண்ணீரில்தான்.

அந்த ஆண்டுதான் நேபாளத்தில், காத்மாண்டு உட்பட, காலரா பரவியிருந்தது. அக்டோபரில் புதிய நேபாள அணி மிர்பலேக்கு வந்து சேர்ந்தது. புறப்படும் முன் அவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடந்தது. ஆனால் அறிகுறி இல்லாதவர்களுக்குக் காலராவுக்கான மலப் பரிசோதனை கட்டாயமாக இருக்கவில்லை. முகாமின் குழாய்கள் ஒழுங்கற்றுப் பதிக்கப்பட்டிருந்தன. கழிப்பறைக் கழிவை ஒப்பந்தக்காரரின் லாரி அள்ளிப்போய்ப் பக்கத்து மேட்டில் இருந்த திறந்த குழியில் கொட்டியது. மழை பெய்தால் குழி நிரம்பி ஓடையை நோக்கி வழியும்.

அக்டோபர் நடுவில் ஓடையோரக் குடும்பங்களில் முதல் நோயாளிகள் தென்பட்டார்கள். சில நாட்களில் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் சென்-மார்க் நகர மருத்துவமனையின் முற்றமெல்லாம் நோயாளிகள். ஒரு மாதத்துக்குள் நோய் நாடு முழுவதும் பரவியது. 2019இல் அலை ஓயும்வரை பதிவான நோயாளிகள் 8,20,000க்கும் மேல். இறந்தவர்கள் ஏறத்தாழ 10,000. சிற்றூர்களில் வீட்டிலேயே செத்துப் புதைக்கப்பட்டவர்களை இந்தக் கணக்கு பிடித்திருக்காது. அப்போது ஹைதியின் மக்கள்தொகை சுமார் ஒரு கோடி.

குற்றச்சாட்டு எப்படி நிரூபணமானது?

வதந்தி முதல் வாரமே கிளம்பிவிட்டது. முகாமின் கழிவுத் தொட்டிகள் தரமானவை என்று மினுஸ்தா அறிக்கை விட்டது. செய்தியாளர்கள் நேரில் போய்ப் பார்த்தபோது குழாய்கள் கசிந்துகொண்டிருந்தன. நோயின் மூலத்தைத் தேடுவது இப்போதைக்கு முன்னுரிமை அல்ல, உயிர்களைக் காப்பதே முக்கியம் என்றது உலக சுகாதார நிறுவனம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூலம் தெரிந்தால்தானே குழாயை அடைக்க முடியும்? 'இப்போது வேண்டாம்' என்பது, குற்றம் தன் பக்கம் இருக்கும்போது எந்த நிறுவனத்துக்கும் வசதியான பதில்.

பதில் மூன்று திசைகளிலிருந்து வந்து ஒரே இடத்தில் நின்றது:

1. ஊர் ஊராகப் போன விசாரணை. பிரெஞ்சு நோய்ப்பரவல் ஆய்வாளர் ரெனோ பியாரு 2010 நவம்பரில் ஹைதிக்கு வந்து, எந்த ஊரில் எந்த நாளில் முதல் நோயாளி என்று வரைபடம் போட்டார். எல்லாம் முகாமுக்குக் கீழே இருந்த ஓடைக்கரையில் தொடங்கியது.

2. கிருமியின் மரபணு. ஹைதிக் கிருமி தெற்காசிய வகை என்று முதல் ஆய்வுகள் காட்டின. 2011இல் ஹைதி மாதிரிகளை நேபாள மாதிரிகளோடு ஒப்பிட்டபோது, சில ஏறக்குறைய அச்சு அசலாக ஒத்துப்போயின.

3. ஐ.நா.வே அமைத்த குழு. பொதுச்செயலர் பான் கி மூன் நியமித்த நான்கு நிபுணர்களில் ஒருவர் இந்திய நுண்ணுயிரியலாளர் பாலகிருஷ் நாயர். முகாமின் மோசமான கழிவு ஏற்பாட்டை 2011 மே அறிக்கையில் விவரமாகச் சொன்ன குழு, முடிவுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தியது: பல சூழ்நிலைகள் கூடியதால் நேர்ந்தது, தனி நபரோ குழுவோ செய்த குற்றம் அல்ல என்றது. இரண்டு ஆண்டு கழித்து, புதிய மரபணுச் சான்றுகளைப் பார்த்த அதே நிபுணர்கள், முகாமே மிகவும் சாத்தியமான மூலம் என்று எழுதினார்கள்.

இதில் நேபாள வீரனைக் குற்றவாளியாக்குவது அநியாயம். தன் உடம்பில் கிருமி இருப்பது அவனுக்கே தெரியாது. குழாய் பதித்ததும் குழி வெட்டியதும் ஒப்பந்தக்காரரைக் கண்காணிக்காமல் விட்டதும் அவன் வேலை அல்ல.

தீக்குச்சி ஒன்று, வைக்கோற்போர் எப்படி வந்தது?

வெளிநாட்டு வீரர் ஒருவர் இதே கிருமியோடு ஜெனீவாவில் இறங்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஹைதியில் அன்று ஐந்தில் ஒருவருக்குக்கூட முறையான கழிப்பிட வசதி இல்லை. தலைநகருக்கே பாதாளச் சாக்கடை இல்லை. இதை 'ஏழை நாடு, என்ன செய்வது' என்று முடித்துவிடுவது வழக்கம். ஆனால் அந்த ஏழ்மையிலும் வெளியார் கை உண்டு.

அடிமைகள் கிளர்ந்தெழுந்து 1804இல் விடுதலை பெற்ற நாடு ஹைதி. 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்தி, தன் தோட்ட முதலாளிகள் இழந்த 'சொத்து'க்கு 15 கோடி பிராங்க் நட்ட ஈடு கேட்டது. சொத்து என்றதில் விடுதலையான மனிதர்களும் அடக்கம். தொகை பிறகு 9 கோடியாகக் குறைக்கப்பட்டாலும், அதைக் கட்ட வாங்கிய கடனும் வட்டியும் 20ஆம் நூற்றாண்டு வரை இழுத்தன. 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை நாட்டையே பிடித்து வைத்திருந்தது.

அண்மைக் கதை இன்னும் நேரடியானது. அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்கான வளர்ச்சி வங்கி 1998இல் ஹைதிக்கு ஒப்புக்கொண்ட கடன்களில் 5.4 கோடி டாலர் குடிநீருக்கும் கழிவகற்றலுக்கும் உரியது. அரிஸ்டீட் அரசுடன் இருந்த அரசியல் பிணக்கால் அமெரிக்கா அழுத்தம் கொடுத்து அந்தப் பணத்தை ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைத்தது. படை அனுப்பினால்தான் தலையீடு என்று நினைக்கிறோம். ஒரு கையெழுத்தை நிறுத்திவைப்பதும் தலையீடுதான்.

வழக்கு ஏன் வாசலிலேயே நின்றது?

பாதிக்கப்பட்டவர்கள் நட்ட ஈடு கேட்டபோது நடந்ததைப் புரிந்துகொள்ள மூன்று ஆவணங்கள் தெரிய வேண்டும்.

1. 1946ஆம் ஆண்டின் ஐ.நா. சலுகைகள், விலக்குரிமைகள் உடன்படிக்கை, 2ஆம் பிரிவு. ஐ.நா. தானாக விட்டுக்கொடுத்தாலொழிய எந்த நாட்டு நீதிமன்றத்திலும் அதன் மீது வழக்கு நடத்த முடியாது. காரணம் இருக்கிறது: ஒவ்வொரு நாட்டு அரசும் தன் நீதிமன்றத்தை வைத்து ஐ.நா.வை மிரட்டத் தொடங்கினால் அது இயங்கவே முடியாது.

2. அதே உடன்படிக்கையின் 29ஆம் பிரிவு. வழக்குப் போட முடியாதவர்களுக்கு மாற்று வழியை ஐ.நா. ஏற்படுத்தித் தர வேண்டும். ஐ.நா. வண்டி மோதிக் கால் ஒடிந்தால் நட்ட ஈடு வாங்க ஒரு வழி இருக்க வேண்டும் என்பதுபோல.

3. 2004இல் ஹைதி அரசும் ஐ.நா.வும் செய்துகொண்ட படைநிலை ஒப்பந்தம், அதாவது அந்த மண்ணில் படைக்கு உள்ள உரிமைகளையும் கடமைகளையும் வகுக்கும் ஒப்பந்தம். புகார்களை விசாரிக்க ஒரு நிலையான இழப்பீட்டு ஆணையம் அமைக்கப்படும் என்று அதில் எழுதியிருக்கிறது. ஐ.நா. செய்துகொள்ளும் இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமாக இடம்பெறும் வரி இது. ஹைதியில் ஆணையம் அமைக்கப்படவே இல்லை. வேறு எந்த அமைதிப் பணியிலும் அமைக்கப்பட்டதில்லை.

2011 நவம்பரில் சுமார் 5,000 பேர் சார்பில் ஐ.நா.விடமே மனு கொடுக்கப்பட்டது. பதினைந்து மாதம் கழித்து, 2013 பிப்ரவரியில் பதில் வந்தது: இந்தக் கோரிக்கைகளை விசாரித்தால் அரசியல், கொள்கை விவகாரங்களையும் ஆராய வேண்டிவரும், ஆகவே 29ஆம் பிரிவின்படி ஏற்க இயலாது. கால் ஒடிந்தவருக்குக் காசு உண்டு, ஆற்றில் மலம் கலந்து ஆயிரக்கணக்கானோர் செத்தால் அது 'கொள்கை'. பாதிப்பு பெரிதாகப் பெரிதாகப் பொறுப்பு கரைந்துபோகும் விசித்திரமான தர்க்கம் இது.

மனுதாரர்கள் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்கள் வாதம் எளிது: 29ஆம் பிரிவின் கடமையைச் செய்தால்தான் 2ஆம் பிரிவின் பாதுகாப்பு கிடைக்கும். 2015 ஜனவரியில் நீதிமன்றம் மறுத்தது. 2016 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மறுத்தது. இரண்டு பிரிவுகளும் தனித்தனி; கடமையை ஐ.நா. மீறினாலும் விலக்குரிமை போகாது என்பது தீர்ப்பின் சாரம். 

ஐ.நா. எப்போதுமே இப்படித்தான் என்று சொல்ல முடியாது. 1960களில் காங்கோவில் ஐ.நா. படையால் பெல்ஜியக் குடிமக்கள் பாதிக்கப்பட்டபோது, பெல்ஜிய அரசு விடாப்பிடியாக நின்றது. 1965இல் ஐ.நா. 15 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. பெல்ஜியத்துக்குக் கிடைத்த வழி ஹைதியருக்குக் கிடைக்காமல் போனதற்குச் சட்டம் காரணமல்ல. தம் மக்களுக்காக ஐ.நா.வின் கதவைத் தட்டக்கூடிய பலம் ஹைதி அரசுக்கு இல்லை. பாதுகாப்புக்கும் உதவிக்கும் அது அதே ஐ.நா.வைத்தான் நம்பியிருந்தது.

மன்னிப்பு வந்தது, பணம்?

ஐ.நா.வின் நிலைப்பாட்டை உடைத்தது வெளியார் அல்ல, அதன் சொந்தச் சிறப்பு அறிக்கையாளர். வறுமை, மனித உரிமைகள் பற்றி அறிக்கை தரும் பிலிப் ஆல்ஸ்டன், 2016இல் இந்த மௌனம் அறத்துக்குப் பொருந்தாது, சட்டத்தில் நிற்காது, அரசியலில் தன் தலையில் தானே மண் வாரிப் போட்டுக்கொள்வது என்ற பொருளில் கடுமையாக எழுதினார்.

2016 டிசம்பர் 1 அன்று, பதவி முடிய ஒரு மாதம் இருக்கையில், பான் கி மூன் ஹைதியரின் கிரயோல் மொழியிலேயே தொடங்கி மன்னிப்புக் கேட்டார். சொற்களைக் கவனிக்க வேண்டும்: நோய் பரவியபோது போதுமானதைச் செய்யவில்லை, எங்கள் பங்குக்கு வருந்துகிறோம் என்றார். கிருமியை நாங்கள் கொண்டுவந்தோம் என்று சொல்லவில்லை. சட்டப் பொறுப்பை ஏற்கவும் இல்லை.

கூடவே 40 கோடி டாலர் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஒரு பாதி சிகிச்சைக்கும் குடிநீருக்கும், மறு பாதி பாதிக்கப்பட்டவர்களுக்கு. ஆனால் நிதி முழுவதும் உறுப்பு நாடுகள் விரும்பினால் கொடுக்கும் நன்கொடை. மினுஸ்தாவுக்கு காலரா பரவிய முதல் ஓரிரு ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 80 கோடி டாலர் செலவானது, அது கட்டாயப் பங்களிப்பு என்பதால் வந்து சேர்ந்தது. காலராத் திட்டத்துக்கோ சேர்ந்தது சிறு பகுதிதான். படையின் செலவாகாத மிச்சத்தை விட்டுத் தாருங்கள் என்று கேட்டபோதும் சில நாடுகளே முன்வந்தன. குடும்பத்துக்கு இவ்வளவு என்ற இழப்பீடு கைவிடப்பட்டு, ஊருக்கு ஒரு தண்ணீர்த் திட்டம், ஒரு சந்தை என்று போயிற்று.

இலங்கைப் படையின் கணக்கு

பொறுப்பு கை நழுவும் இடம் காலராவில் மட்டும் இல்லை. 2007இல் ஹைதியில் இருந்த இலங்கைப் படையினர் நூற்றுக்கும் மேற்பட்டோர், சிறுமியர், சிறுவர் உட்பட உள்ளூர் மக்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டியதாகப் புகார் எழுந்து திருப்பி அனுப்பப்பட்டனர். ஐ.நா. விதிப்படி, வீரர்கள் மீது குற்ற வழக்குத் தொடரும் அதிகாரம் அனுப்பிய நாட்டுக்கு மட்டுமே உண்டு. ஹைதி நீதிமன்றத்துக்கு இல்லை, ஐ.நா.வுக்கும் இல்லை. ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை என்று 2017இல் வெளியான செய்தி ஏஜென்சி விசாரணை தெரிவித்தது. தன் நாட்டுக்குள் நடந்ததற்கே பதில் சொல்லாத ராணுவம், கடல் கடந்து நடந்ததற்குத் தன்னைத் தானே விசாரிக்கும் என்று எதிர்பார்த்தது அந்த விதி.

காலரா திரும்பியது, படையும் திரும்புகிறது

2021 ஜூலை 7 அன்று அதிபர் மொய்ஸ் தன் வீட்டில் கொல்லப்பட்டார். கும்பல்கள் தலைநகரில் கால் பதித்தன. 2022 செப்டம்பரில் ஒரு கும்பல் கூட்டணி முக்கிய எரிபொருள் முனையத்தை முற்றுகையிட்டது. டீசல் இல்லாமல் தண்ணீர் இறைக்க முடியவில்லை, தண்ணீர் லாரிகள் ஓடவில்லை, மருத்துவமனைகள் மூடின. அக்டோபர் 2 அன்று, மூன்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், காலரா மீண்டும் உறுதியானது. அதே மாதத்தில் பிரதமர் வெளிநாட்டுப் படை கேட்டார்.

2023 அக்டோபரில் பாதுகாப்பு அவை கென்யா தலைமையிலான பன்னாட்டுப் பாதுகாப்பு உதவிப் பணிக்கு அனுமதி அளித்தது. 2,500 பேர் என்பது திட்டம்; 2025இல் அங்கே இருந்தவர்கள் சுமார் 1,000 பேர். அந்தத் தீர்மானத்தில் கழிவுநீரை முறையாகக் கையாள வேண்டும், காலரா போன்ற நோய்கள் பரவாமல் தடுக்க வேண்டும் என்ற வரி இருக்கிறது. படை அனுமதித் தீர்மானத்தில் சாக்கடை பற்றிய வரி வந்ததற்குப் பத்தாயிரம் உயிர்கள் விலையாகின.

பாடத்தின் பாதி அது. மறு பாதி இன்னும் குழப்பம். கென்யத் தலைமைப் படை ஐ.நா.வின் ஒப்புதல் பெற்றதே தவிர ஐ.நா.வின் படை அல்ல, நன்கொடையில் ஓடியது. அதன் இடத்தில் வரும் கும்பல் ஒடுக்குப் படைக்கு ஐ.நா. அலுவலகம் உணவு, போக்குவரத்து போன்ற துணை வசதிகளைத் தரும், ஆணை ஐ.நா.வுடையதாக இராது. தவறு நேர்ந்தால் 'அது எங்கள் படை இல்லை' என்று ஐ.நா. சொல்லலாம், 'ஐ.நா. அனுமதித்த பணி' என்று வீரர் அனுப்பிய நாடு சொல்லலாம். மினுஸ்தா காலத்தில் கதவு பூட்டியிருந்தாலும் எந்தக் கதவு என்றாவது தெரிந்தது.

எனவே இந்தப் படை பற்றிய செய்திகளைப் படிப்பவர்கள், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை கும்பல் தலைவர்கள் பிடிபட்டார்கள் என்பதோடு மூன்று விவரங்களையும் தேட வேண்டும்:

1. படை முகாம்களின் கழிவு எங்கே போகிறது, அதைச் சோதிக்கும் அதிகாரம் ஹைதி சுகாதார அமைச்சகத்துக்கு உண்டா.

2. பாதிக்கப்பட்ட ஒருவர் புகார் கொடுக்கும் அலுவலகம் ஹைதியில், கிரயோல் பேசுகிறவர்களோடு, உண்மையில் திறந்திருக்கிறதா. அல்லது 2004இல் போல ஒப்பந்தத் தாளில் மட்டும் இருக்கிறதா.

3. நட்ட ஈட்டுக்கான பணம் படையின் செலவுக் கணக்கிலேயே முன்கூட்டி ஒதுக்கப்பட்டிருக்கிறதா, இல்லை தவறு நடந்தபின் நன்கொடை கேட்கப் போகிறார்களா.